பல் கட்டும் ஜவாஹிர் நானாவும் ஆஸ்டின் காரின் இறக்கையும்

கண்டியில் பல் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் கார் கட்டுகிறவர் எனக்குத் தெரிந்து ஜவாஹிர் நானா ஒருவர்தான்.

நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன். கட்டுக்கலைப் பக்கம் ஒரு பல் வைத்தியரின் அறைக்குப் பின்னால் அவருடைய வேலைக்கூடம். வைத்தியர் வாயில் எடுத்த அச்சு இவர் கைக்கு வரும். இவர் அதில் மெழுகை வைத்துப் பல் வரிசை பிடித்து, ஈறு நிறப் பிசினில் வார்த்து, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். யாருடைய வாய் என்று இவருக்குத் தெரியாது. ஆனால் தன் கைவேலை மட்டும் மறக்காது. மார்க்கெட்டில் மரக்கறி வாங்கும்போது எதிரே ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தால் இவர் நின்றுவிடுவார். "மேல் வரிச என்ட வேல" என்பார் என் காதுக்குள். அந்தப் பெரியவர் நம்மை முறைத்துப் பார்ப்பார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

கார் செய்ய ஆரம்பித்தது கொரோனா ஊரடங்கில். வாயைத் திறக்கவே சனங்கள் பயந்த காலம், பல்லுக்கு யார் வருவார்கள்? பிசினும் மெழுகும் சும்மா கிடந்தன. எதிர்வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அதைச் செய்தார். கையில் இருந்ததெல்லாம் ஈறு நிறப் பிசின் மட்டும். ஆகவே கார் முழுக்க ரோஸ் நிறம். மனைவி சகீனா பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னால ரெண்டு பல் வெச்சா இது சிரிக்கும்" என்றாராம்.

அதோடு விட்டிருக்கலாம். ஊரடங்கு எடுத்ததும் எதிர்வீட்டுக்குப் போய் நிஜக் காரில் அளவுநாடா வைத்துப் பார்த்திருக்கிறார். பின் கண்ணாடி பிழை, மட்காட் வளைவு பிழை, எல்லாமே பிழை. அன்றைக்குப் பிடித்த பிசாசு இன்னும் இறங்கவில்லை. எட்டில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டார். நிஜக் காரில் எட்டு அங்குலம் என்றால் இவர் காரில் ஒரு அங்குலம். கதவு திறக்க வேண்டும். ஸ்டியரிங் திருப்பினால் சில்லு திரும்ப வேண்டும். பம்பரையும் கைபிடியையும் பல்லுக்கு உலோகத் தொப்பி வார்க்கிற அதே முறையில் வார்ப்பார். முதலில் மெழுகில் செதுக்குவார், அதைச் சாந்துக்குள் புதைப்பார், சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றுவார், அந்தக் குழிக்குள் உலோகத்தை ஊற்றுவார். தேய்த்து எடுத்தால் நிஜ பம்பர் போலவே முகம் தெரியும்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்கிற சின்னக் கார்களை அவருக்குப் பிடிக்காது. "இதுல கதவு இடுக்கப் பாருங்க. நிஜத்துல இந்த இடுக்கு ஈந்தா கை உள்ளுக்குப் போகும்" என்பார்.

நான் கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கிறேன். பழைய கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங். பேர் லெட்சுமணன். வேலை இல்லாத ஆள் கராஜில் நின்றால் எனக்குப் பிடிக்காது. இவர் முதல் தடவை வந்தபோது சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஒரு கலிப்பர் அளவுகோல் இருந்தது. பிஸ்கட்டைக்கூட அளந்துதான் கடிப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர் சும்மா இருந்தாரா? நான் தட்டி முடித்த ஒரு ஹில்மன் காரைச் சுற்றி வந்து, "இடப்பக்க மட்காட் கொஞ்சம் தடிப்பு" என்றார்.

"நானா, வாயத் திறக்க வைக்கிறதுதான் உங்க வேல. மூடவும் கொஞ்சம் பழகிக்கங்க" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகு அளந்து பார்த்தேன். சரிதான். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை வந்தபோது உட்காரக் கதிரை எடுத்துப் போட்டேன்.

இப்படி வந்து போய்க்கொண்டிருந்தவர் அழகம்மா அக்காவின் ஆஸ்டினைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது.

அழகம்மா அக்கா ஹேவாஹெட்டைப் பக்கத்து ஆள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, மரக்கறி மூட்டையோடு கண்டி மார்க்கெட்டுக்கு வந்து, இன்றைக்கு மரக்கறி லொறிகள் ஓட விடுகிறவர். வாய் என்றால் வாய். லொறிக்காரர்களே அவர் போன் பேசினால் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பார்கள். அந்த அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இந்த ஆஸ்டின் ஏ நாற்பது. ஐம்பதுகளில் வந்த வண்டி. உருண்டை முதுகு, கரும்பச்சை நிறம். கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து சின்னக் கை மாதிரி சிக்னல் வெளியே வரும். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஓட்டின கார் என்று வாங்கி வைத்திருந்தார். மகள் சுகிர்தாவின் கலியாணத்துக்கு மணப்பெண் இதில்தான் வந்து இறங்க வேண்டும் என்று முடிவு. அதற்காகத்தான் என்னிடம் விட்டார்.

விடும்போதே விரலை நீட்டிச் சொன்னார். "லெட்சுமணா, தகரத்தத் தட்டு, பெயின்ட் அடி, என்னா வேணும்னாலும் செய். அந்த இறக்கைய மட்டும் ஒருத்தனும் தொடக்கூடாது."

போனட்டின் நுனியில் ஒரு இறக்கை நிற்கும். ஏ என்ற இங்கிலீஷ் எழுத்திலிருந்து பின்பக்கமாகப் பறக்கிற மாதிரி ஒரு இறக்கை, குரோமியம் பூசியது. முதலில் இருந்ததை யாரோ களவாடிவிட்டார்கள். பல வருசத்துக்கு முன்பு அக்கா ஆள் விட்டுத் தேடி, கடைசியில் கலகெதரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் தானே போய்க் கிண்டி எடுத்து வந்ததுதான் இப்போது இருப்பது. அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பு அது. வருசம் போகப் போக உள்ளுக்குள் பொரிந்து போகும் சாமான். பிஸ்கட் மாதிரி உடையும். போனட்டுக்குக் கீழே பார்த்தேன். நட்டெல்லாம் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. கழற்றப் போனால் தண்டு முறியும். பெயின்ட் அடிக்கும்போதுகூட அதைச் சுற்றிக் கடதாசி ஒட்டிவிட்டுத்தான் அடித்தேன்.

ஜவாஹிர் நானா அந்தக் காரை மாதக்கணக்காக அளந்து, எட்டில் ஒரு பங்கில் செய்துகொண்டிருந்தார். உடம்பு முடிந்தது, சீட் முடிந்தது, சிக்னல் கைகூட முடிந்தது. மிச்சம் இறக்கை மட்டும். படம் எடுத்தார், பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை இறக்கைக்கு அடியில் விட்டுப் பார்த்தார். அடிப்பக்கத்தில் மீன் செதில் மாதிரி கோடுகள் இருந்தன. கண்ணாடியில் கோடு தெரிந்தது, ஆழம் தெரியவில்லை.

"அடிப்பக்கத்த யாரு நானா குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றேன்.

"நான் பாப்பேன்" என்றார்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வந்து நின்றார். வேலைக்கு லீவு போட்டுவிட்டாராம். பின்னேரம் அக்கா வந்து காரை எடுத்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். அதன்பிறகு அந்தக் கார் ஹேவாஹெட்டையில் பூட்டிய கூடத்துக்குள் போய்விடும். கையில் ஒரு பை. உள்ளே கிண்ணம், கரண்டி, பிளாஸ்டர் சாந்துத் தூள்.

"அச்சு மட்டும் எடுத்துக்கிறேன், லெட்சுமணன். தொட மாட்டேன்."

"தொடாம அச்சு எடுக்கிற வித்த எங்க படிச்சீங்க?"

"வாய்ல எடுக்கிறதுதானே. வாய விடவா இது நோவும்?"

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்காக அந்த மனுசன் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டேன்.

அவருடைய தொழிலில் அச்சு எடுக்க ரப்பர் மாதிரி இளகி நிற்கிற ஒரு பசை உண்டு. வாயில் வைத்து எடுத்தால் வளைந்து கொடுத்து வெளியே வந்துவிடும். அதைத்தான் அவர் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பு ஒரு தடவை ஹெட்லைட் வளையத்துக்கு அந்தப் பசையில் அச்சு எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். பேராதனைப் பாலத்தடியில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றுவிட்டது. கட்டுக்கலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பசை காய்ந்து சுருங்கிவிட்டது. வளையம் ஒரு நூல் சின்னதாக வந்துவிட்டதாம். அந்த ஒரு நூலை அவரால் மறக்க முடியவில்லை. சாந்து சுருங்காது. ஆகவே இந்தத் தடவை சாந்து.

சாந்து சுருங்காதுதான். ஆனால் வளையவும் வளையாது.

வாயில் சாந்து வைப்பதென்றால் பல்லுக்கு அடியில் உள்ள குழிகளை முதலில் மெழுகால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாந்து அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் என்று பிறகு அவரே எனக்கு விளக்கினார். இது அவருடைய தொழிலில் முதல் பாடம். தெரிந்த மனுசன்தான். ஆனால் இறக்கைக்கு அடியில் மெழுகு வைத்தால் அந்தச் செதில் கோடு அச்சில் விழாதே! அதனால் வைக்கவில்லை. வாசலின் மட்டும் தடவிவிட்டு, போனட்டில் ஈரத்துணி விரித்து, இறக்கையைச் சுற்றிச் சாந்தை ஊற்றிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போனட் நுனியில் ஒரு வெள்ளைப் பாண் ரொட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு. இறுகும்போது சூடாகும் என்றார். பிறகு சூடு ஆறியது. அவர் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கினார். வரவில்லை. பக்கவாட்டில் அசைத்தார். வரவில்லை.

என்னைப் பார்த்தார். 

"பூட்டிக்கிச்சு" என்றார்.

"என்னா பூட்டிக்கிச்சு?"

"சாந்து அடிக்குப் போய் இறுகீக்கி. மேல தூக்கினா இறக்க முறியும்."

 கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அழகம்மா அக்கா.

"லெட்சுமணா, வெள்ளனவே வர்றேன். பூ கட்டுறவன் காருக்கு அளவு எடுக்கணுமாம், இன்னைக்கே வேணுமாம். கெளம்பிட்டோம். வண்டி ரெடிதானே?"

"ரெடிங்க அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

போனை வைத்துவிட்டு, "நானா, இப்ப என்னா செய்யிறது சொல்லுங்க. சூடு காட்டவா?" என்று கேட்டேன்.

"பெயின்ட் போயிரும்."

"அசிட்?"

"அல்லாஹ்வே, இறக்கையத் தின்னுரும்."

 பிறகு அந்தக் காலத்துப் பல்காரர்கள் செய்த முறையைச் சொன்னார். ரப்பர் பசை வருவதற்கு முன்பு வாய்க்குள்ளேயே சாந்து வைத்துத்தான் அச்சு எடுப்பார்களாம். பூட்டிக்கொண்டால் வாயில் வைத்தே சாந்தில் கோடு போட்டு, துண்டு துண்டாக உடைத்து எடுத்து, வெளியே கொண்டுவந்து ஒட்டிக்கொள்வார்களாம். அப்படியே செய்யலாம் என்றார். இரும்பு வெட்டுகிற வாளின் தகட்டை மட்டும் கழற்றிக் கேட்டார். கொடுத்தேன்.

மேலே நீளமாக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. தகடு உள்ளே இறங்க இறங்க வெள்ளைத் தூள் கரும்பச்சைப் பெயின்டில் விழுந்தது. நான் ஊதி ஊதித் துடைத்தேன். எவ்வளவு ஆழம் போனால் இறக்கை வரும் என்று அவருக்குக் கணக்கு இருந்தது.  

கோட்டுக்குள் சாந்துக் கத்தியை வைத்துத் திருக வேண்டிய இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"என்னால ஏலா. நீங்க திருகுங்க."

"நான் சுத்தியல் புடிக்கிறவன், நானா."

"தகரம் எப்ப குடுக்கும், எப்ப கிழியும்னு ஒங்க கைக்குத் தெரியும். நான் பாத்தீக்கேன்."

கத்தியை வாங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம். சட்டென்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய்விட்டது. சாந்துதான் பிளந்திருந்தது. ஒரு பாதி கையோடு வந்தது. உள்பக்கத்தில் இறக்கையின் மேல்பாகம் அப்படியே பதிந்திருந்தது. அடுத்த பாதியும் வந்தது. நானா இரண்டையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் துணியில் வைத்தார்.

மிச்சம் இறக்கைக்கும் போனட்டுக்கும் நடுவில் ஒரு ஆப்பு மாதிரி மாட்டியிருந்த சாந்து. அதில்தான் அவருடைய செதில் கோடு இருந்தது. நெம்பினால் முழுசாக வரும், கூடவே இறக்கையும் வரலாம். கம்பியால் குத்திப் பொடியாக்கினால் இறக்கை தப்பும், ஆனால் கோடு போய்விடும்.

அவர் யோசிக்கவே இல்லை. பல் குத்தி எடுக்கிற கொக்கிக் கம்பியைப் பையிலிருந்து எடுத்தார். தான் ஆசைப்பட்டதைத் தானே பொடிப்பொடியாகக் குத்தி எடுத்தார். கடைசித் தூளும் விழுந்தது. வாயால் ஊதினார். துணியால் இறக்கையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துடைத்தார்.

இறக்கை துணியோடு கையில் வந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெளியே வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அழகம்மா அக்கா முதலில் இறங்கினார். பின்னால் மகன் ரவிகுமார், மணப்பெண்ணின் அண்ணன். அக்கா நல்ல சிரிப்போடுதான் வந்தார். காரைப் பார்த்தார். போனட் நுனி மொட்டையாக இருந்ததைப் பார்த்தார். பிறகு நானாவின் கையைப் பார்த்தார்.

"என் இறக்க அந்தாளு கையில என்னா செய்யிது?"

நான் துணியை எடுத்துப் போனட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். 

"லெட்சுமணா, ஒன்னத்தான் கேக்குறேன். தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? விடிஞ்சா கலியாணம்! எம்மக மொட்டக் காருல போயி எறங்கவா? யாரு இந்தாளு?"

"என்ட பேர் ஜவாஹிர், அக்கா" என்றார் நானா.  "பிழ என்டது. லெட்சுமணனுக்கு ஒன்டும் தெரியா. நான் அச்சு எடுக்கப் போய்..."

"அச்சா? என் காருக்குப் பல்லு கட்டப் போறீங்களா?"

அதற்குப் பிறகு அக்கா பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையிலிருந்து ஆட்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் நானாவின் கையிலிருந்த இறக்கையின் அடித்தண்டு என் கண்ணில் பட்டது. புதிதாக முறிந்த உலோகம் என்றால் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். இது மின்னவில்லை. முறிந்த இடம் முழுக்க மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஏதோ படிந்திருந்தது. போனட்டைக் குனிந்து பார்த்தேன். அங்கேயும் அதே மஞ்சள்.

பசை. இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டுகிற பசை. அது எப்போதோ முறிந்து, யாரோ ஒட்டி வைத்த இறக்கை. கீழே துருப்பிடித்த நட்டு அப்படியே இருந்ததால் நான் மேலே சந்தேகப்படவே இல்லை.

"அக்கா, ஒரு நிமிசம். இத இன்னைக்கு யாரும் ஒடைக்கல. முந்தியே ஒடஞ்சது. இந்தா பாருங்க, பசை போட்டு ஒட்டியிருக்கு."

"கத விடாத. நான் கலகெதரையில எடுக்கையில முழுசாத்தான் இருந்துச்சு. நானே தடவிப் பாத்தேன்."

அப்போது ரவிகுமார் குறுக்கே வந்தார். "விடுங்கம்மா. பழைய சாமான்தானே. பாவம், வயசான மனுசன். வேணும்னு செஞ்சிருப்பாரா? இறக்க இல்லாட்டி என்னா, அந்த எடத்துல பூ வச்சுக்கட்டுனா தெரியவா போகுது?"

அக்கா திட்டுவதை நிறுத்தினார். மகனைத் திரும்பிப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார்.

"ஏன்டா, நீ எப்பருந்து இவ்வளவு நல்லவனா ஆன?"

ரவிகுமார் வானுக்குப் பக்கமாக ஒரு அடி நகர்ந்தார்.

"ஒரு தக்காளி நசுங்குனாலே லொறி டிரைவர அடிக்கப் போறவன் நீ. இங்க பாருடா மூஞ்சிய. பசை எப்ப வாங்குன?"

"அம்மா... நம்ம வீட்டுக் கராஜ் கதவ எறக்கயில லேசாத்தான் பட்டுச்சு. தீவாளிக்கு முந்தி. சொன்னா நீங்க..."

டீக்கடை ஆட்கள் கை தட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழி என் தலையிலிருந்து இறங்கியதே தவிர, இறக்கை இன்னும் நானாவின் கையில்தான் இருந்தது. பூக்காரன் கண்டியில் காத்துக்கொண்டிருந்தான். இரட்டை டியூப் பசை நன்றாக இறுக ஒரு இரவு வேண்டும். ஓட்டை போட்டுப் புதுத் தண்டு வைக்கலாமென்றால் அந்த உலோகம் பொரிந்து கொட்டிவிடும். அதைச் சொன்னேன்.

நானா அப்போதுதான் நிமிர்ந்தார். பையைத் துழாவி ஒரு தூள் போத்தலும் ஒரு திரவப் போத்தலும் எடுத்தார். கட்டின பல் முறிந்தால் அவசரத்துக்கு ஒட்டுகிற மருந்து. கலந்தால் டீ குடிக்கிற நேரத்தில் கல்லாகிவிடும்.

"நான் ஒட்டித் தாறேன், அக்கா. பத்து வருசம் சோறு மெல்லுற ஆக்கள் ஈக்காங்க இதால."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் காரு சோறு மெல்லத் தேவயில்ல. நாளைக்கு மண்டபம் வரைக்கும் போனா போதும். ஒட்டுங்க."

பழைய பசையை நான் சுரண்டி எடுத்தேன். நானா கலந்தார். எதிரே கதிரையில் அக்கா பிளேன்டீயோடு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானா இறக்கையை வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பிடித்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. விழுந்துவிடப் போகிறதே என்று நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். இறுகியதும் கையை எடுத்தார். நின்றது. அடியில் மெல்லிசாக ஒரு ரோஸ் கோடு.

அக்கா கிட்டே வந்து குனிந்தார். "என்னா இது?"

"ஈறு நிறம்தான் கைல ஈந்திச்சு" என்றார் நானா.

"அடக் கடவுளே, என் காருக்கு ஈறு மொளச்சிருச்சே!" முதல் தடவையாக அக்காவின் வாயோரம் அசைந்தது. ஆனால் உடனே பழையபடி ஆகிவிட்டது. "இங்க பாருங்க ரெண்டு பேரும். நாளைக்குக் காலையில என் காருக்கு முன்னால மோட்டார்சைக்கிள்ல போறீங்க. வழியில இறக்க விழுந்தா பொறுக்குறது உங்க வேல."

கார் போனது. வெள்ளைத் தூளைக் கூட்டிக்கொண்டே கேட்டேன். "எப்பிடியோ போகட்டும். இறக்க கையில இருந்துச்சே, அடிப்பக்கத்துக் கோடு எவ்வளவு ஆழம்?"

நானா என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் கலிப்பர் இருந்தது. அவ்வளவு நேரம் இறக்கை அவர் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்திருக்கிறது.

"பாக்கல்லியே" என்றார்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் சொன்னபடி போனோம். நான் ஓட்டினேன். நானா பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார், முகம் காரைப் பார்த்து, முதுகு என் முதுகில். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஓதுகிற சத்தம் கேட்டது. குழி வரும்போதெல்லாம் கையைப் பின்னால் விட்டு என் இடுப்பைப் பிடித்து அமுக்குவார். "மெல்ல, மெல்ல" என்பார். மெதுவாகப் போக வேண்டியது பின்னால் வருகிற கார், நாமா? ஒரு வளைவில் பொலிஸ்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். பின்னால் மணப்பெண் கார் வந்ததைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு எங்களைப் போகவிட்டார்.

மண்டபத்து வாசலில் ஆஸ்டின் நின்றது. இறக்கையும் நின்றது. நான் பெருமூச்சு விட்டேன். அந்த நேரம் படம் எடுக்கிறவன் மணப்பெண்ணிடம் சொன்னான், "அக்கா, கையக் கொஞ்சம் அந்த இறக்க மேல வைங்க."

நானா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சுகிர்தா பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு போனட் பக்கம் வந்து, வளையல் கையை இறக்கையில் வைத்தாள். வைத்தாள் என்ன, சாய்ந்தே நின்றாள். படம் எடுக்கிறவன் திருப்தியில்லாமல் முன்னே போனான், பின்னே போனான். இன்னொன்று என்றான். மாப்பிள்ளையையும் கூப்பிட்டு, "அண்ணன், நீங்களும் கைய வைங்க" என்றான். வாசல் படியில் நின்ற அழகம்மா அக்கா சனத்துக்கு மேலாக எங்களைத் தேடிப் பார்த்தார். அவர் முகத்திலும் என் பயம்தான் இருந்தது.

இறக்கை அசையவில்லை.

நானா சாப்பிட வரவில்லை. கூட்டம் உள்ளே போன பிறகும் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். சின்னப் பிள்ளைகள் யாராவது தொட வந்தால் விரட்டினார். நான் இலைச்சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார்.

இது நடந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சின்ன ஆஸ்டின் சகீனாவின் கண்ணாடி அலுமாரியில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் நிற்கிறது. கரும்பச்சை நிறம். கதவு திறக்கும். தூணிலிருந்து சிக்னல் கை எழும்பும். கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். போனட் நுனியில் மட்டும் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை.

இறக்கையை அவர் வார்க்கவில்லை. மேல்பாகத்து அச்சு துண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது. அடிப்பாகத்தை மனதில் நினைத்தபடி செதுக்கலாமே என்று நானும் சொன்னேன், சகீனாவும் சொன்னார். "பாக்காதத எப்பிடிச் செய்ற?" என்று நானா கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

விசயம் அழகம்மா அக்காவின் காதுக்குப் போனது. ஒரு நாள் நான் நானாவின் வீட்டில் இருந்தபோது மார்க்கெட்டிலிருந்து நேராக அங்கேயே வந்தார், மடி நிறையக் கரட்டோடு. அலுமாரிக் கதவைத் திறக்கச் சொல்லி அந்தக் காரை எல்லாப் பக்கமும் பார்த்தார்.  பிறகு, "இதுக்காகவா அன்னைக்கு அந்தப் பாடு பட்டீங்க, நானா? ஒட்டினது உங்க மருந்துதானே. வாங்க, வந்து நீங்களே கழட்டிப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நானா கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேணாம் அக்கா. ஒருக்கா கைல வந்தது போதும். அது அப்பிடியே ஈக்கட்டும்."

பக்கத்தில் நின்ற நானும் அதையேதான் சொன்னேன்.